சுளுக்கா, தசைக்குள் சீழா?

மூட்டை தூக்கியவருக்குத் தொடையிலோ இடுப்பிலோ வலி வந்தால் நம் கடைவீதியில் அதற்கு ஒரே பெயர்தான்: சுளுக்கு. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும், இரண்டு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி கல்லாவில் உட்காருவதும் வழக்கம். பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால் அந்த வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் அதைச் சுளுக்கு என்று எண்ணி நாளைக் கடத்தக் கூடாது. தசைக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.

தோலில் வரும் கட்டி சிவந்து, பழுத்துக் கண்ணுக்குத் தெரியும். தசையின் ஆழத்தில் வருவதை மேலேயுள்ள உறுதியான சவ்வு மறைத்துவிடுகிறது. முதல் ஒன்றிரண்டு வாரம் தோலில் பெரிதாக மாற்றம் இராது. தொட்டால் தசை மரக்கட்டைபோல் இறுகியிருக்கும். அதன்பின் சீழ் சேர்ந்து வீக்கமும் கடுங்காய்ச்சலும் வரும். அப்போதும் கவனிக்காவிட்டால் கிருமி இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

பெரும்பாலும் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியே காரணம். பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருப்பதுதான். அடிபட்ட தசையில் இரத்தத்தின் வழியே வந்து தங்கிவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். நம் சங்கத்தில் அவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

முதுகெலும்பை ஒட்டி இடுப்புக்குள் இறங்கும் தசையில் சீழ் கட்டினால் காலை நீட்ட முடியாது. மடக்கி வைத்தால்தான் சற்றுச் சுகம். முதுகெலும்புக் காசநோயின் சீழும் இவ்வழியே இறங்குவதுண்டு. அதற்குக் காசநோய் மருந்துகளை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும்.

இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் கூடியிருப்பது தெரியும். சேர்ந்துவிட்ட சீழை அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் பெரும்பாலும் காட்டிவிடும். சீழ் கட்டுமுன்னரே, ஆழத்தில் உள்ளதையும் காட்டுவது எம்.ஆர்.ஐ. தான். ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் சிறிது சீழ் எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதிப்பார்கள்.

சீழ் கட்டுமுன் வந்தால் கிருமிக்கொல்லி மருந்தே போதுமானதாக இருக்கலாம். கட்டிவிட்டால் மருந்து மட்டும் போதாது; ஊசி, குழாய் அல்லது அறுவை மூலம் வடித்தாக வேண்டும். மருந்து முதலில் நரம்பு ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் பொதுவாக 2 முதல் 6 வாரம் தொடரும். வலி போனதும் கடை திறக்க ஓடி, மாத்திரையைப் பாதியில் விடுபவர்களுக்கு மீண்டும் சீழ் கட்டக்கூடும்.

வலித்த இடத்தை நீவுவதை நிறுத்துங்கள். மருத்துவரிடம் சர்க்கரை அளவையும், அடிபட்ட நாளையும், ஏற்கெனவே விழுங்கிய வலி மாத்திரைகளையும் சொல்லுங்கள். அவை காய்ச்சலை மறைத்திருக்கும்.