குதிரை வாங்கும் முன்பு ஒரு கணக்கு!

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். போய் வந்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "அம்மா, நமக்கும் ஒண்ணு வாங்கலாம்மா!" என்று நச்சரிப்பார்கள். தோட்டமும் இடமும் உள்ள வீடானால் அப்பாவுக்கும் ஆசை வந்துவிடும். வீட்டு வரவு செலவைப் பார்க்கிற நாம்தான் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

விலை ஒரு தடவைதான். வளர்ப்புச் செலவோ தினமும்! குதிரை 25, 30 வருடம்கூட உயிர் வாழும். இன்று கேட்கிற பெண்ணுக்குக் கல்யாணமான பிறகும் அதற்குத் தீனி போட்டாக வேண்டும்.

ஒரு நோட்டை எடுத்து மூன்று தலைப்பு எழுதுங்கள்.

தினச் செலவு: 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கிலோ உலர்தீவனம் வேண்டும். மாதத்துக்கு 240 கிலோ, அடேயப்பா! இதில் பெரும்பகுதி காய்ந்த புல்லாக இருக்கட்டும். கொள்ளு அளவோடுதான். செல்லம் கொடுத்து அள்ளிப் போட்டால் வயிற்றுவலி வந்துவிடும். தண்ணீர் 30, 40 லிட்டர். வெயில் காலத்தில் இன்னும் அதிகம். ஆள் வைத்தால் அவர் சம்பளத்தையும் சேருங்கள்.

தவணைச் செலவு: 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் செதுக்கி லாடம் மாற்றணும். வருடத்துக்கு 7 முதல் 9 தடவை வரும். டெட்டனஸ் தடுப்பூசி, பூச்சி மருந்து, பல் பரிசோதனை, லாயத்துக் கூரை ரிப்பேர் எல்லாம் இதில் அடக்கம். உங்கள் ஊர் விலையை விசாரித்து, வருடத் தொகையை 12 ஆல் வகுத்து மாதக் கணக்கில் எழுதுங்கள்.

அவசரச் செலவு: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே அதற்கு வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நடு ராத்திரியானாலும் கால்நடை டாக்டரை அழைத்தாகணும். அந்த நேரத்தில் பணத்துக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது.

மொத்தத்தைப் பார்த்துத் தலை சுற்றுகிறதா? ஒரு சோதனை செய்யுங்கள். குதிரை வாங்காமலே, அந்த மாதத் தொகையை ஆறு மாதம் தபாலாபீஸ் சேமிப்பில் போட்டு வாருங்கள். பள்ளிக் கட்டணத்திலும் மளிகையிலும் கை வைக்காமல் முடிந்ததா? தாராளமாக வாங்கலாம், சேர்ந்த பணமே அவசர நிதி. முடியவில்லையா? சவாரிப் பள்ளியில் மணிக்கணக்குக்குக் கட்டணம் கட்டிக் குழந்தையின் ஆசையைத் தீர்த்து வையுங்கள். ஆசையாக வாங்கிவிட்டு, பராமரிக்க முடியாமல் வாயில்லா ஜீவனைத் தெருவில் விடுவது பாவமில்லையா?