வாழைத்தோப்பு விலை பேசுமுன்: கண்மதிப்பும் கணக்கும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் காலையில் வந்து இறங்குவோரில் முசிறி, தொட்டியம், லால்குடி, ஜீயபுரம் பக்கத்து வாழை விவசாயிகளும் இருப்பர். காந்தி மார்க்கெட்டில் தார் என்ன விலை போகிறது என்று நேரில் விசாரித்து, ஊர் திரும்பியபின் வியாபாரியிடம் தோப்பை விலை பேசுவோர் உண்டு. நல்ல வழக்கமே. ஆனால் மார்க்கெட் விலை தெரிந்தவருக்குக்கூடத் தம் தோப்பில் எத்தனை தார் தேறும் என்பது திட்டமாகத் தெரிவதில்லை. நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒட்டுமொத்தமாக விலை பேசும் வியாபாரி தோப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தொகையைச் சொல்லிவிடுகிறார். அவரது கண்மதிப்பு பெரும்பாலும் தப்புவதில்லை. இதில் மாயம் ஒன்றுமில்லை. அவர் பல தோப்புகளைப் பார்க்கிறார். தாரை லாரியில் ஏற்றும்போதே தம் மதிப்பு சரியா, தவறா என்பதும் தெரிந்துவிடுகிறது. விவசாயி பார்ப்பதோ ஆண்டுக்கு ஒரு தோப்பு. விற்றபின் எத்தனை தார் இறங்கியது என்பதையும் கவனிப்பதில்லை. பிறகு கண் எப்படிப் பழகும்?

பூவன் வாழையை 2.1 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 900 கன்றுகள் பிடிக்கும். காற்றிலும் நோயிலும் 90 மரங்கள் போயின என்று வைத்துக்கொண்டால் மீதி 810 தார். '750 தேறும்' என்ற பேச்சுக்கு விவசாயி தலையாட்டினால் 60 தார் கணக்கில் வராது. தார் ஒன்று ரூ.250 என்று கொண்டாலும் ரூ.15,000 போயிற்று.

ஆகவே வியாபாரி வருமுன் விவசாயி தோப்பைச் சுற்றிவந்து, தம் மனதில் படும் எண்ணிக்கையை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே வரிசை வரிசையாக எண்ண வேண்டும். சிறு தார்களைத் தனியே குறிப்பது நலம். முதலில் எழுதாமல் எண்ணினால், 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்று மனம் சாதிக்கும். இரண்டு, மூன்று பருவம் இப்படிச் செய்தால் தம் கண் கூட்டிச் சொல்கிறதா, குறைத்துச் சொல்கிறதா என்பது விளங்கிவிடும்.

கண்ணே மேலான இடமும் உண்டு. பூ வெளிவந்த 100 முதல் 150 நாட்களில் தார் முதிரும். குலை தள்ளிய வாரத்தைக் குறித்து நிறத்துணி கட்டி வைத்தால் வெட்டு எப்போது வரும் என்று ஒருவாறு தெரியும். எனினும் இரகம், மண், பருவநிலைக்கேற்ப நாள் மாறுவதால், காயின் விளிம்பு மழுங்கி உருண்டிருப்பதைப் பார்த்தே கத்தி வைக்க வேண்டும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிடும் விலை முன்னறிவிப்பும் இப்படித்தான். சந்தையின் பொதுப்போக்கை அது சொல்லும். வாசலில் நிற்கும் வியாபாரியைப் பற்றிச் சொல்லாது. கணக்கெல்லாம் சரியாக இருந்தும் மனம் தயங்கினால், காரணத்தை யோசித்துப் பார்ப்பது நல்லது. சென்ற முறை அவர் வெட்டைத் தள்ளிப்போட்டதில் மறுதாம்புக் கன்று கெட்டது நினைவுக்கு வரலாம். அதுவும் ஒரு கணக்குத்தான். அப்படியானால் வெட்டும் நாளையும் முன்பணத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு விலை பேசலாம்.

வாழை சாகுபடி பற்றிய விவரங்களுக்குக் கரூர் சாலையில் உள்ள சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, தோகைமலை சாலையில் தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தையோ விவசாயிகள் அணுகலாம். செல்லும்போது எண்ணிக்கை எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லவும்.