வீடு கிளம்ப மறுக்கிறது!

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள் நம் பெரியவர்கள். வீட்டை ஓட்டிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல குடும்பங்கள் வீட்டை ஓட்டிக்கொண்டு போய்த்தான் விடுமுறையைக் கழிக்கின்றன. ஒரு வேனின் அடிச்சட்டத்தின் மேல் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலமாரி எல்லாம் அமைத்துவிட்டால் அதுதான் மோட்டார் ஹோம். சக்கரத்தின் மேல் ஒரு வீடு!

ஜெர்மனியின் பிரேமன் நகரில் 1977-இல் மெர்சிடிஸ் நிறுவனம் ஒரு வகை வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் மேல் கட்டப்பட்ட டீசல் மோட்டார் ஹோம்கள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வேனின் உடன்பிறப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே வடிவமைப்பை உரிமம் பெற்று பஜாஜ் டெம்போ நிறுவனம் 1980-களில் நம் நாட்டில் தயாரிக்கத் தொடங்கியதுதான் டெம்போ டிராவலர்.

இப்படிப்பட்ட பழைய வண்டி ஒன்று குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வசந்தம் வந்ததும் குடும்பமே ஏறி உட்காருகிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஓர் ஒலி. அவ்வளவுதான். "செல்ஃப் எடுக்கவில்லை" என்பார்கள் நம் ஊர் டிரைவர்கள். வண்டிக்காரர் புதிய பாட்டரி வாங்கி மாட்டுகிறார். மீண்டும் 'டக்'. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றுகிறார். அப்போதும் அதே 'டக்'. விடுமுறைக்காகச் சேர்த்த பணத்தில் பாதி போய்விட்டது. வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. உண்மையில் கெட்டுப்போயிருந்தது எது தெரியுமா? பாட்டரிக் கம்பியின் முனையில் பூத்திருந்த ஒரு சிட்டிகைக் களிம்பு! பழைய வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிற கதை.

'பாட்டரியில் வோல்ட் இருக்கிறதா என்று அளந்து பார்த்திருக்கலாமே' என்று நீங்கள் கேட்பீர்கள். அளந்தால் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனையில் அளந்தாலும் அதே 12.6 வோல்ட்தான் காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம்தான் தவறான நேரத்தில் கேள்வி கேட்கிறோம்.

எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ ஓம் விதியைப் படித்திருப்பீர்கள். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும். களிம்பு பிடித்த இணைப்பின் மின்தடை 0.01 ஓம் என்று கொள்வோம். இது மிகச் சிறிய அளவு. சாதாரண மல்ட்டிமீட்டரின் இரு வயர்களின் மின்தடையே இதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். ஆகவே அதை வைத்துக்கொண்டு இந்தத் தடையை நேரடியாக அளக்கவும் முடியாது. வோல்ட்டை அளக்கும்போது மீட்டர் இழுத்துக்கொள்ளும் மின்னோட்டமோ ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய மின்னோட்டத்தை 0.01 ஓம் தடை என்ன செய்துவிடும்? ஒன்றுமில்லை. எனவே மீட்டர் 12.6 காட்டுகிறது.

சாவியைத் திருப்பியதும் நிலைமை வேறு. டீசல் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் 300 ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. 300-ஐ 0.01-ஆல் பெருக்குங்கள். 3 வோல்ட்! பாட்டரியின் முனையில் 10.5 வோல்ட் இருந்தாலும் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 7.5 வோல்ட்தான். காணாமல் போன 3 வோல்ட் அந்த இணைப்பில் வெப்பமாகிறது. எவ்வளவு வெப்பம்? 3 வோல்ட் பெருக்கல் 300 ஆம்பியர், அதாவது 900 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொள்ளும் திறன்! செல்ஃப் அடித்துப் பார்த்த உடனே எந்த இணைப்பு சுடுகிறதோ அதுதான் குற்றவாளி என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கண்டுபிடிப்பதன் ரகசியம் இதுதான்.

ஆகவே ஓட்டம் இருக்கும்போதே அளக்க வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, மற்றவர் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் ஈயக் குமிழிலும் மறு முனையை அதன்மேல் இறுக்கியிருக்கும் கிளாம்பிலும் வைக்கிறார். இணைப்பு நன்றாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். பிறகு கிளாம்பிலிருந்து கம்பியின் மறு முனை, அங்கிருந்து மோட்டார் என்று ஒவ்வொரு கட்டமாக நகர்கிறார். எங்கே வோல்ட் தலைகாட்டுகிறதோ அங்கே களிம்பு. திரும்பும் பாதையையும் மறந்துவிடக் கூடாது. மோட்டாரில் நுழைந்த மின்சாரம் எஞ்சின் உடல், அடிச்சட்டம் வழியாகத்தான் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் பின்னல் பட்டை துருப்பிடித்திருந்தாலும் விளைவு ஒன்றே. பெரும்பாலோர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இதை நீங்கள் வண்டியில் செய்து பார்க்க வேண்டாம். பாட்டரியின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் அது பழுக்கக் காய்ந்துவிடும். சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டால் வெடிக்கும். வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். டார்ச் செல் ஒன்று, அதற்கேற்ற சிறு பல்பு, ஒரு மல்ட்டிமீட்டர், பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சித் துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கரிக்குச்சிதான் நமது 'களிம்பு'. செல்லிலிருந்து வரும் வயரில் அதை இணைத்து, அதற்கு அப்பால் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். செல்லின் முழு வோல்ட்டும் தெரியும். இப்போது பல்பையும் இணைத்துவிட்டு அதே இடத்தில் அளந்து பாருங்கள்!

மோட்டார் ஹோமில் எர்த் தொல்லை வேறு வேடத்திலும் வரும். மேலே உள்ள வீட்டுப் பகுதி பெரும்பாலும் மரத்தாலும் கண்ணாடி இழையாலும் ஆனது. மின்சாரம் அதில் பாயாது. அதனால் பின்விளக்குகளுக்கு எர்த் வயர் தனியாக இழுத்துச் சட்டத்தில் ஓர் ஆணியில் முடுக்கியிருப்பார்கள். அந்த ஆணி துருப்பிடித்தால் என்ன ஆகும்? வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டதும் அதன் பக்கத்து விளக்கும் சேர்ந்து மங்கலாகக் கண் சிமிட்டும். திரும்பிப் போக நேர்வழி கிடைக்காத மின்சாரம் அடுத்த விளக்கின் இழை வழியே சுற்றுவழியில் போகிறது. பல்பை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

சரி, களிம்பைச் சுரண்டியாயிற்று, எஞ்சின் சுழல்கிறது, ஆனாலும் பற்றிக்கொள்ளவில்லை. இனி விசாரணை எஞ்சினுக்குள் போகிறது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவமே அதுதான். காற்றைச் சட்டென்று அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். பழைய மெர்சிடிஸ் டீசல் எஞ்சின் காற்றைச் சுமார் 21-இல் ஒரு பங்காக அழுத்துகிறது. அப்போது காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும்.

'சட்டென்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். மெதுவாக அழுத்தினால் வெப்பம் குளிர்ந்த சிலிண்டர்ச் சுவருக்குள் போய்விடும். காற்றும் பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்துவிடும். ஆக, பாட்டரி முனையில் இருக்கும் களிம்பு மோட்டாரைச் சோம்பேறியாக்கி, எஞ்சினுக்குள் தீயே பிறக்காமல் செய்துவிட முடியும். மின்சாரக் கோளாறு எது, எந்திரக் கோளாறு எது என்று கோடு கிழிப்பது அவ்வளவு எளிதல்ல.

குளிர் நாடுகளில் அழுத்தத்தால் வரும் வெப்பம் மட்டும் போதாது. அதற்காகக் குளோ பிளக் என்னும் சூடேற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டு. 1970-களின் மெர்சிடிஸ் டீசல்களில் இவற்றைத் தொடர் இணைப்பில் வைத்திருந்தார்கள். கோயில் திருவிழாவில் போடும் பழைய சீரியல் விளக்கில் ஒன்று போனால் எல்லாம் அணையுமே, அதே கதைதான். ஒரு பிளக் எரிந்துபோனால் நான்கும் வேலை செய்யாது. பின்னர் பக்க இணைப்புக்கு மாறினார்கள். அதில் ஒன்று போனாலும் மற்றவை பிழைக்கும். எஞ்சின் கொஞ்சம் தடுமாறிக் கிளம்பும். எனக்குப் பார்க்க அழகு இந்த மாற்றம்தான். ஒரு வயரை மாற்றிப் போட்டதில் எத்தனை காலை நேரங்கள் காப்பாற்றப்பட்டன!

இப்போது புகைக்குழாயைப் பாருங்கள். சுழலும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. சூடு போதவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை.

நீண்ட நாள் நின்ற வண்டியில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். தொட்டி கீழே இருக்கிறது. பம்ப் டீசலை உறிஞ்சி மேலே இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. எனவே ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது; காற்றுதான் உள்ளே நுழையும். ஓட்டை விழுந்த குழலால் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள். ஒரு சொட்டும் கசியாது. வாய்க்கு வருவது காற்றுத்தான்! தரையில் டீசல் கறையைத் தேடுபவருக்கு இந்தக் கோளாறு அகப்படாது.

கொஞ்சம் காற்று நுழைந்தால் என்ன? நாசிலைத் திறக்க வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் தேவை. டீசல் திரவம், அழுத்தினால் சுருங்காது. காற்றுக்குமிழியோ ஸ்பிரிங் போலச் சுருங்கி விரியும். பம்பின் தள்ளல் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். இதைத்தான் 'ஏர் பிடித்துவிட்டது' என்கிறார்கள். ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரை வரும். பிறகு தெளிந்த டீசல் வரும். உடனே வண்டி கிளம்பும். ஆனால் வெடிப்பை அடைக்காவிட்டால் மறுநாள் காலை மீண்டும் அதே பாடு. எங்கே வெடிப்பு என்று அறிய ஒரு நல்ல வழி உண்டு. சுத்தமான டீசலை ஒரு சிறு டப்பாவில் ஊற்றி உயரத்தில் தொங்கவிட்டு, நேராகப் பம்புக்கு இணைப்பார்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடினால் பம்பும் நாசிலும் நிரபராதிகள். தொட்டிக்கும் பம்புக்கும் இடையில்தான் தேட வேண்டும். ஒரே சோதனையில் சந்தேகம் பாதியாகிவிடுகிறது. (நாசில் குழாயின் கசிவை மட்டும் ஒருபோதும் வெறும் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் எரிவதற்கு மின்சாரமே தேவையில்லை. இதிலிருந்து ஒரு வேடிக்கையான கோளாறும் பிறக்கிறது: நிற்க மறுக்கும் எஞ்சின்! பெட்ரோல் வண்டியில் பொறியை நிறுத்தினால் போதும். டீசலில் எரிபொருளை நிறுத்த வேண்டும். அக்கால மெர்சிடிஸ் டீசல் கார்களில் சாவியைத் திருப்பினால் ஒரு மெல்லிய குழாய் வழியே வெற்றிடம் போய், பம்பில் டீசலை நிறுத்தும். குழாயில் வெடிப்பு விழுந்தால் வெற்றிடம் போய்ச் சேராது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் வெளியே நிற்பீர்கள். எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்து, அதற்கென்றே வைத்திருக்கும் ஒரு நெம்புகோலை அழுத்திப் பிடித்துத்தான் அதை நிறுத்த வேண்டும்.