'பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம்'... படித்த பிறகும் உள்ளே போவது ஏன்?

பங்கு வர்த்தகச் செயலியில் லாகின் செய்ததும் ஒரு எச்சரிக்கை வரும். எஃப் அண்ட் ஓ பிரிவில் வர்த்தகம் செய்யும் தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்று அது சொல்லும். 2023 ஜூலை முதல் புரோக்கர்கள் இதைக் காட்டியே ஆக வேண்டும் என்பது செபியின் உத்தரவு. பார்ப்பவர் என்ன செய்கிறார்? 'புரிந்தது' என்று ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போகிறார். எண் புரியாமல் இல்லை. 'அது மத்தவங்களைப் பத்தி' என்று மனசு ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டது.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் சுமார் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். கட்டணங்களையும் சேர்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். 2023-24இல் இந்த வர்த்தகர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். நான்கில் மூன்று பேருக்கு மேல், ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு என்று சொன்னவர்கள். அவர்களுக்கு 2 லட்சம் என்பது பல மாதச் சம்பளம்.

இதையெல்லாம்விட யோசிக்க வைக்கும் தகவல் ஒன்று உண்டு. நஷ்டமடைந்தவர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், அடுத்தடுத்த ஆண்டுகளில் அடி வாங்கிய பிறகும் வர்த்தகத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

சொல்பவரும் நம்பும் நபரும் ஒருவரே

அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. 'நான் புத்திசாலி', 'நான் பணத்தைத் தொலைத்தேன்' ஆகிய இரண்டும் ஒரே மனதில் நிம்மதியாக இருக்க முடியாது. ஏதாவது ஒன்று வளைய வேண்டும். பெரும்பாலும் வளைவது இரண்டாவதுதான். லாபம் வந்தால் 'என் அனாலிசிஸ்'. நஷ்டம் வந்தால் ஆபரேட்டர்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள், 'அன்னைக்கு நெட் ஸ்லோ'. நன்றாகப் படித்தவர்கள் இதில் தப்பிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. காரணம் கண்டுபிடிக்கும் திறமை அவர்களுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும்!

'விற்காத வரைக்கும் நஷ்டம் இல்லை' என்ற வசனமும் இந்த வகைதான். பொருளாதார ஆய்வாளர் டெரன்ஸ் ஓடியன், அமெரிக்க புரோக்கர் நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டியது. மக்கள் லாபத்தில் இருக்கும் பங்கைச் சீக்கிரம் விற்கிறார்கள், நஷ்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். விற்றால் தவறு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! பங்கு என்றாலாவது காத்திருக்கலாம். ஆப்ஷனுக்கு எக்ஸ்பைரி தேதி உண்டு. அன்றைக்குக் கட்டிய பிரீமியம் மொத்தமும் பூஜ்ஜியமாகிவிடலாம்.

மனசைக் கேட்காதீர்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கேளுங்கள்

'நான் என்னை ஏமாற்றிக்கொள்கிறேனா?' என்று கண்ணை மூடி யோசித்தால், பதில் சொல்லப்போவதும் அதே மனசுதான். அதனால் வெளியே எழுதி வைத்திருப்பதைப் பார்ப்பதுதான் வழி. தொடங்கிய நாளிலிருந்து வங்கியில் இருந்து புரோக்கர் கணக்குக்குப் போன தொகை எவ்வளவு? திரும்பி வந்தது, இப்போது மிச்சம் இருப்பது எவ்வளவு? வித்தியாசம்தான் உண்மையான கணக்கு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த லாப ஸ்கிரீன்ஷாட்டில் இது தெரியாது. கட்டணங்களும் அதில் இருக்காது. 2023-24இல் ஒருவர் சராசரியாக 26,000 ரூபாயைக் கட்டணமாக மட்டுமே கட்டியிருக்கிறார்.

அடுத்த டிரேடுக்கு முன், எதற்காக வாங்குகிறோம், எந்த விலையில் வெளியேறுவோம் என்று இரண்டு வரி நோட்டில் எழுதி வைக்கலாம். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று ஸ்டாப் லாஸைக் கீழே தள்ளிய நாட்கள் எத்தனை என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். வீட்டில் லாபம் வந்த நாளை மட்டும் சொல்லிவிட்டு மொத்தத் தொகையை மறைக்கிறோம் என்றால், கணக்கு உள்ளுக்குள் ஓரளவு தெரிந்தே இருக்கிறது என்று அர்த்தம்.

நஷ்டக் கணக்கைத் திறந்து பார்ப்பதில் ஒரு லாபமும் உண்டு. வருமான வரிச் சட்டப்படி எஃப் அண்ட் ஓ நஷ்டம் தொழில் நஷ்டம். உரிய தேதிக்குள் ஐடிஆர்-3 தாக்கல் செய்தால், அதை 8 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று பிற்காலத் தொழில் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பார்க்கவே மனமில்லாமல் தாக்கல் செய்யாமல் விட்டால் அந்தச் சலுகையும் போய்விடும்.