மின்னூலும் நமது எழுத்தாளரின் உரிமையும்

பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒருவர் தமிழ் நூல் வெளியிடுவதென்றால் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். கைக்காசைப் போட்டு முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சிடுவார். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி பெறுவோரின் புண்ணியத்தில் செலவில் ஒரு பகுதி மீளும். மிகுதி வீட்டு அலுமாரிக்குள் போகும். கொழும்பில் ஒரு கடை அதை விற்பனைக்கு எடுத்தாலும் மடூல்சீமைக்கும் லுணுகலைக்கும் அது வந்து சேர்வதில்லை. 2022 நெருக்கடியில் இந்தக் கணக்கும் குழம்பிப் போனது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட காலம் அது.

மின்னூல் இந்த இடத்தில்தான் நுழைகிறது. அச்சுக்கூலி இல்லை, களஞ்சியம் இல்லை, ஆயிரமாவது பிரதிக்கும் மேலதிகச் செலவில்லை. ஆனால் எழுதும் உழைப்பும், செம்மைப்படுத்தும் வேலையும், பக்க வடிவமைப்பும் அப்படியேதான் இருக்கின்றன. இதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

பழைய நூல்களைப் பொறுத்தவரை கிடைத்திருப்பது பெரும் நிஃமத். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் ஆவணங்கள் இலட்சத்தைத் தாண்டிவிட்டன. டொமினிக் ஜீவா 1966 முதல் நடத்திய ‘மல்லிகை’ இதழ்களை ஹாலிஎலயில் இருந்துகொண்டே வாசிக்கலாம். 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, 1885 இல் ‘அசன்பே சரித்திரம்’ நாவலை வெளியிட்ட அறிஞர் சித்தி லெப்பை காலமானது 1898 இல். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் எழுபது ஆண்டுகளும் நிலைக்கும். ஆகவே சித்தி லெப்பையின் எழுத்தை எவரும் மின்னூலாக்கலாம், பகிரலாம்.

உயிரோடிருக்கும் எழுத்தாளரின் விடயம் அப்படியல்ல. சாதாரண தர வழிகாட்டி நூலொன்று கடைக்கு வந்து சில நாட்களிலேயே அதன் ஸ்கேன் பிரதி வட்ஸ்அப் குழுமங்களில் வலம் வருகிறது. அனுப்புகிறவர் ஸதகா ஜாரியா என்ற நிய்யத்தோடுதான் அனுப்புகிறார். தன்னுடைய பொருளைக் கொடுத்தால்தானே அது ஸதகா? சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 இல் குவைத்தில் கூடியபோது, நூலாக்க உரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஆவால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறலாகாது என்றே தீர்மானித்தது. ஜும்ஆ மேடைகளில் வட்டியைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு இதைப் பற்றி நாம் கேட்பதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் தளத்தில் இலவசமாக வைத்துள்ள பாடநூல்களைப் பகிர்வது வேறு, ஓர் ஆசிரியர் கடன்பட்டு அச்சிட்டதைப் பகிர்வது வேறு.

எழுத்தாளர் தரப்பிலும் ஒரு வேலை இருக்கிறது. நம் நாட்டில் ஏராளமான தமிழ் நூல்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்தக் கோப்பை அப்படியே மின்னூலாக்கினால் தமிழுக்குப் பதிலாகச் சிதறிய ஆங்கில எழுத்துகள்தான் திரையில் வரும். முதலில் யுனிகோடுக்கு மாற்றி, எழுத்துப் பிழை பார்க்க வேண்டும். பக்கங்களைப் படமெடுத்துச் செய்த பிடிஎப் இதற்கு மாற்றாகாது. கைத்தொலைபேசியின் சிறிய திரையில் அதை இழுத்து இழுத்துத்தான் வாசிக்க வேண்டும், சொல்லைத் தேடவும் முடியாது. யுனிகோடில் செய்த ஈபப் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும்.

ஊவாத் தோட்டங்களில் இந்த வேறுபாடு சில்லறை விடயமல்ல. 2021 இல் லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் இணையத் தொடர்பு தேடிக் காட்டுமலையில் கட்டிய மரக்குடிலுக்கு ஏறியதை வெளிநாட்டு ஊடகங்களும் செய்தியாக்கின. லயன் வீட்டில் பெரும்பாலும் ஒரு தொலைபேசிதான், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். ஸ்கேன் செய்த நூலொன்று பல மெகாபைட் டேட்டாவைத் தின்றுவிடும். படங்களில்லாத ஈபப் நூல் பெரும்பாலும் ஒரு மெகாபைட்டைத் தாண்டாது. பாடசாலையில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், உரிமையாளர் அனுமதித்த நூல்களைப் புளூடூத் வழியாகவே ஒரு வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடலாம்.