ஆண்டிஸ் மடியில் – 9: மித்தா என்ற ஒரு சொல்

ஜூன் பிறந்துவிட்டால் கேவே பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு புல் ஊறும். மலைச்சரிவில் வளரும் முரட்டுப் புல் அது. ‘கோயா’ என்பார்கள். அறுத்து, நனைத்து, கல்லால் தட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிப் பிரி திரிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குப் பிரியைத் தந்தே ஆகவேண்டும். நான்கு ஊர்களின் பிரிகள் சேர்ந்து முறுக்கேறித் தேர்வடம் போலப் பருக்கும். அந்த வடங்களே அப்பூரிமாக் ஆற்றின் குறுக்கே ஏறத்தாழ 28 மீட்டர் நீளத் தொங்குபாலம் ஆகின்றன. கெஸ்வாச்சாகா என்பது அதன் பெயர். ஆண்டுக்கு ஒரு முறை பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். இன்கா அரசர்கள் காலத்து வழக்கம் இது.

போன வாரம் குஸ்கோ நகரத்தில் இருந்தோம். அங்கிருந்து தென்கிழக்கே போனால், இந்தப் பாலம் இருக்கும் கானாஸ் மாகாணம். மாகாணம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பெரு நாட்டில் குஸ்கோ போன்ற ஒரு பிரதேசத்துக்குள்ளேயே 13 மாகாணங்கள் உண்டு. கானாஸின் பரப்பு சுமார் 2,100 சதுர கிலோமீட்டர். மக்கள் 32 ஆயிரத்துச் சொச்சம். கிழக்கே வில்கனோட்டா பள்ளத்தாக்கு, மேற்கே அப்பூரிமாக்கின் ஆழ்ந்த மலையிடுக்கு. இரண்டுக்கும் இடையே கிடக்கும் மேட்டுநிலம்தான் கானாஸ். தலைநகர் யானவோக்கா கிட்டத்தட்ட 3,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரங்கள் அரிது. கண்ணுக்கு எட்டியவரை புல், அதில் மேயும் லாமா, அல்பாகா, செம்மறி. லாங்கி, லாயோ என்ற இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக ஒரு பெரிய ஏரி. நவம்பர் முதல் மார்ச்சு வரை மழை. ஜூனில் இரவெல்லாம் உறைபனி. அந்தப் பனியையும் வீணாக்குவதில்லை. உருளைக்கிழங்கை வெட்டவெளியில் பரப்பி இரவில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து உலர்த்துவார்கள். ‘சூன்யோ’ என்னும் அந்த வற்றல் ஆண்டுக்கணக்கில் கெடாது.

இந்த மாகாணத்தின் வரலாற்றை ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சொல் ‘மித்தா’. கெச்சுவா மொழியில் ‘முறை’ என்று பொருள். இன்கா ஆட்சியில் குடிகள் காசாக வரி கட்டவில்லை, உழைப்பாகக் கட்டினார்கள். பாதை போடுவது, பாலம் கட்டுவது, களஞ்சியம் நிரப்புவது எல்லாம் முறை வைத்துத்தான். கட்டாயம்தான் அது, ஆனால் முறைக்கு வந்தவனுக்குச் சோறும் சோளக் கள்ளும் கொடுப்பது அரசின் கடமையாக இருந்தது.

ஸ்பானியர்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பொருளை மாற்றிவிட்டார்கள். 1573-இல் வைஸ்ராய் தொலேதோ வகுத்த ஏற்பாட்டின்படி, ஆண்டுதோறும் ஏழில் ஒரு ஆண்மகன் போட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்குப் போகவேண்டும். கானாஸும் அந்தப் பட்டியலில் இருந்தது. இன்றைய பொலிவியாவில் இருக்கும் போட்டோசிக்கு, பெண்டு பிள்ளைகளோடும் லாமாக்களோடும் மாதக்கணக்கில் நடை. போனவர்களில் பலர் திரும்பவில்லை.

சுரங்கம் ஒரு பக்கம் என்றால் ‘கொரெஹிதோர்’ என்ற அதிகாரி இன்னொரு பக்கம். வரி தண்டுவதும் அவரே, வழக்குத் தீர்ப்பதும் அவரே. கழுதை, துணி என்று வேண்டாத சரக்கை அநியாய விலைக்குக் குடிகளின் தலையில் கட்டுவதும் அவரே. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் சட்டமே இதற்கு இடம் கொடுத்தது.

கானாஸின் சுரிமானா ஊரில் 1738-இல் பிறந்தவர் ஹோசே கப்ரியேல் கொந்தோர்கங்கி. சுரிமானா, துங்காசுக்கா, பம்பமார்க்கா ஊர்களின் பரம்பரைத் தலைவர். கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி மலைப்பாதையெல்லாம் அலைந்தவர் என்பதால் மக்கள் பட்ட பாடு அவருக்கு நேரில் தெரியும். தம் மக்களை மித்தாவிலிருந்து விடுவிக்கச் சொல்லி 1777-இல் லிமா வரை போய் மனுக் கொடுத்தார். பலிக்கவில்லை. 1780 நவம்பர் 4 அன்று யானவோக்கா பாதிரியார் வீட்டு விருந்தில் அவரும் கொரெஹிதோர் அரியாகாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விருந்து முடிந்து ஊர் திரும்பும் வழியில் அரியாகாவை மறித்துப் பிடித்தார் கொந்தோர்கங்கி. ஆறாம் நாள் துங்காசுக்காவில் தூக்கு. கடைசி இன்கா அரசரின் பெயரைத் தாங்கி இரண்டாம் துபாக் அமாரு ஆன அவர் மூட்டிய தீ, ஆண்டிஸின் தெற்கு முழுவதும் பரவியது.

கிளர்ச்சிக்குப் படை, பணம், உணவு எல்லாவற்றையும் திரட்டி நிர்வகித்தவர் அவர் மனைவி மிக்கேலா பாஸ்திதாஸ். பிடிபட்ட கணவன், மனைவி இருவரையும் 1781 மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் ஸ்பானியர்கள் கொன்றார்கள். கெச்சுவா மொழிக்கும் இன்கா உடைக்கும் தடை வந்தது. ஆனாலும் 1784-இல் கொரெஹிதோர் பதவி ஒழிந்தது. மித்தா 1812 வரை நீடித்தது. அதன் வடு இன்றும் ஆறவில்லை. மித்தாவுக்கு ஆள் அனுப்பிய பகுதிகளில் குடும்பச் செலவு பக்கத்துப் பகுதிகளைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவு என்று பொருளாதார அறிஞர் மெலிசா டெல் 2010-இல் கணக்கிட்டுக் காட்டினார்.

குடியரசு வந்தும் மலைவாசிகளுக்கு உடனே விடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1979 அரசியலமைப்பில்தான். துபாக் அமாருவின் மண்ணில் பிறந்த கெச்சுவாக்காரர்கள் பலர் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1980-இல் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இன்று யானவோக்காவில் மாகாண மேயர் இருக்கிறார். எட்டு வட்டங்களில் மற்றவற்றுக்கும் தனித்தனி மேயர்கள். நான்காண்டுக்கு ஒரு தேர்தல். அதே நபர் அடுத்தடுத்து இருமுறை பதவி வகிக்க முடியாது. லிமா அரசின் ஆளாக ஒரு துணை அதிகாரியும் உண்டு. இதற்கெல்லாம் அடியில் இருப்பது ‘கொமுனிதாத்’ எனப்படும் ஊர்ச்சமூகம். 1920 அரசியலமைப்பு அதை முதலில் ஏற்றுக்கொண்டது. நிலம் அதன் பெயரில், முடிவெடுப்பது ஊர்க்கூட்டம். யார் வீட்டிலிருந்து எந்த வேலைக்கு ஆள் வரவேண்டும் என்பதும் அங்கேதான் தீர்மானமாகும். பறிபோன அந்தப் பழைய ‘முறை’யை ஊர் தன் கைக்கு மீட்டுக்கொண்ட இடம் இதுவென்று நான் நம்புகிறேன்.

பாலத்துக்கும் அதே ஏற்பாடுதான். ஹுயின்சிரி, சௌப்பிபந்தா, சொக்காய்ஹுவா, கொல்யானா கேவே என்ற நான்கு ஊர்களுக்கும் அது கடமை. முதல் நாள் மலைத் தெய்வங்களுக்குப் படையல், வடம் முறுக்கல். இரண்டாம் நாள் வடங்களை இரு கரைக் கல்மேடைகளிலும் இழுத்துக் கட்டுவார்கள். மூன்றாம் நாள் ‘சாக்காருவாக்’ எனப்படும் கைதேர்ந்தவர்கள் இரு முனையிலிருந்தும் அந்தரத்தில் உட்கார்ந்து கைப்பிடிக்கும் தளத்துக்கும் இடையே பின்னிக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். நான்காம் நாள் ஆட்டமும் பாட்டும். பக்கத்திலேயே இரும்புப் பாலம் இருக்கிறது, வண்டிகள் அதில் போகின்றன. ஆனாலும் புல் பாலத்தை அவர்கள் விடவில்லை. 2013-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் இந்த வேலையைச் சேர்த்தது.

2020-இல் கொரோனா. யாரும் கூட முடியவில்லை, பாலம் புதுப்பிக்கப்படவில்லை. இற்றுப்போன கயிறுகள் 2021 மார்ச்சில் அறுந்து ஆற்றில் விழுந்தன. வழக்கமாகப் பழைய பாலத்தின் மேல்தான் புது வடத்தை அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்த ஜூனில் அதற்கும் வழியில்லை. இரு கரையிலும் நின்று, கயிற்றை வீசி வீசிப் பிடித்து, முதலிலிருந்து தொடங்கினார்கள்.

(தொடரும்)