சஃபாரி போகலாம் வாங்க!

'சஃபாரி' என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு அந்தக் காலத்து மாப்பிள்ளைகள் போட்டுக்கொண்ட சஃபாரி சூட்தான் ஞாபகம் வரும். ஸ்வாஹிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம், அவ்வளவுதான்! அரபியின் 'ஸஃபர்' கப்பலேறி கிழக்கு ஆப்பிரிக்கா போய் சஃபாரி ஆகிவிட்டது.

முதலில் அது வேட்டைப் பயணமாகத்தான் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கிய கையோடு ரூஸ்வெல்ட் 1909-ல் துப்பாக்கியோடு அங்கே போனார். கென்யா 1977-ல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி போய் கேமரா வந்தது. இன்று மசாய் மாராவிலும், தான்சானியாவின் செரங்கெட்டியிலும் கூரை திறக்கும் வண்டியில் நின்றபடி, வழிகாட்டி காட்டக் காட்டப் பார்க்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமாடுகள் புல்லைத் தேடி இரண்டு நாட்டுக்கும் நடுவே சுற்றி வருகின்றனவாம். அதற்கு விமான டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுத் தறியை நாலு தடவை விற்க வேண்டும்.

ஆகவே விடுமுறையில் நாங்கள் பதினோரு பேர் வாடகை வேன் பிடித்து முதுமலைக்குக் கிளம்பினோம். 1940-லேயே சரணாலயம் ஆன காடு அது. 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. மத்தியானம் காஞ்சியை விட்டு, பெங்களூர், மைசூர் தாண்டி, பந்திப்பூர் செக்போஸ்ட்டை அடைந்தபோது ராத்திரி மூணு மணி. கேட் பூட்டு! இரவு 9 முதல் காலை 6 வரை அந்தக் காட்டு வழியில் வாகனங்களுக்குத் தடை. ராத்திரியில் ரோட்டைக் கடக்கும் மிருகங்கள் லாரியில் அடிபட்டுச் சாவதால் 2009-ல் வந்த தடை இது. மூணு மணி நேரம் கொசுக்கடி. ஆனால் தடை சரிதான் என்று எனக்குப் படுகிறது.

தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில்தான் காட்டுக்குள் போக முடியும். நம்ம வேன் உள்ளே போகாது. புள்ளிமான் கூட்டம், மயில், ஒரு காட்டெருமை, மரத்து மேலே மலை அணில், இவ்வளவும் பார்த்தோம். புலி? ஊஹூம். "காசு தண்டம்டா" என்று பின் சீட்டில் முனகல்.

இங்கேதான் ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். மாராவும் செரங்கெட்டியும் பெரும்பாலும் புல்வெளி. சிங்கம் படுத்திருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். முதுமலையில் மரம், மூங்கில், போதாததற்கு உண்ணிச்செடி. அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த செடி, இன்று காட்டுக்குள் புதராக மண்டி, புல் முளைக்க விடாமல் மானின் தீனியையே கெடுக்கிறது. புலி பத்தடியில் இருந்தாலும் நமக்குத் தெரியாது. மானும் மந்தியும் திடீரென்று குரல் கொடுத்தால் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்ததால் அதையும் கேட்கவில்லை!

சவாரி முடிந்து எங்கள் வேனிலேயே மசினகுடி ரோட்டில் போனோம். வளைவு தாண்டியதும் குட்டியோடு ஒரு யானை. நாங்கள் சுதாரிப்பதற்குள் ஒருத்தன் கதவைத் திறந்து இறங்கி, செல்போனை நீட்டிக்கொண்டு நாலடி முன்னே போய்விட்டான். யானை காதை விரித்தது. தும்பிக்கையை உள்ளே சுருட்டியது. "டேய், ஏறுடா!" என்று டிரைவர் அண்ணன் கத்தினார். அது பத்தடி ஓடிவந்து சடாரென்று நின்றது. நின்றதால்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு சந்தோஷமாக எழுதப்படுகிறது. நண்பன் விழுந்து எழுந்து வேனுக்குள் வந்துவிட்டான். செருப்பு ஒன்று ரோட்டிலேயே கிடந்தது. யானை பயமுறுத்த ஓடி வருகிறதா, நிஜமாகவே தாக்க வருகிறதா என்று அந்த ரெண்டு செகண்டில் எந்த டிப்ளமாக்காரனும் கண்டுபிடிக்க முடியாது.

பின்னாலேயே வந்த வனத்துறை ஜீப் அபராதம் போட்டது. அதில் இருந்த வயதான காவலர் திட்டக்கூட இல்லை. "நீங்க ஊருக்குப் போயிடுவீங்க தம்பி. மிரண்டுபோன யானை நாளைக்கு இந்தப் பக்கம் நடந்து வர்ற பொம்பளைங்களைத்தான் துரத்தும்" என்றார். அபராதத்தை விட அது உறைத்தது. 2021 ஜனவரியில் இதே மசினகுடியில் ஒரு யானையின் மீது எரியும் பொருளை வீசியதும், அது காது கருகிச் செத்ததும் பத்திரிகையில் வந்தது நினைவிருக்கலாம். யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்த ஊரும் அதுதான்.

சாயங்காலம் தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பார்த்தோம். ராகி, கொள்ளு, வெல்லம் என்று பெரிய பெரிய உருண்டை. 2023-ல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம் எடுத்த இடம் என்று கூட்டம் வேறு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "தும்பிக்கையை எப்படிடா வச்சிருந்துச்சு?" முப்பது வருஷமாக பார்டரில் ஜரிகை யானை நெய்கிறவர், காட்டு யானையைப் பார்த்ததே இல்லை. சுருட்டிக் காட்டினேன். "நம்ம அட்டையில எல்லாம் தூக்கிக்கிட்டுல்ல இருக்கு" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். இந்தப் பாவு முடிந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

போகிறவர்கள் கவனிக்க: நீலகிரிக்கு வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். கோடையில் காட்டுத்தீ பயம் இருந்தால் சவாரியை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். செருப்பு யாருடையது என்று என்னைக் கேட்காதீர்கள். சிவில் பிரிவில் விசாரித்தால் தெரியும்.